மாடு மிதித்த காடு

அந்த அம்மாளை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. என் நெற்றி புருவத்துக்கு மேலே தொடங்கி, எங்கே நிற்பது என்று தெரியாமல் உச்சியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மலைமேல் ஒரு துரையின் பங்களாவில் எனக்கு ரைட்டர் உத்தியோகம். துரை கூப்பிட்டால்தான் உள்ளே போகலாம் என்று என்னால் முடிந்த அளவு அதிகாரத்தோடு அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன்.

"இங்கன முன்னாடி என்ன இருந்துச்சு?" என்றார்.

"எங்கே?"

"தலையிலதான். தானா உதிர்ந்துச்சா, இல்ல எதுவும் வந்து மேஞ்சிருச்சா?"

பக்கத்தில் கோழியைப் பிடித்துக்கொண்டு நின்ற சமையற்காரன் சிரிப்பை அடக்க முடியாமல் கோழியோடு பின்கட்டுக்கு ஓடினான். எங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான், அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் என்று சொன்னேன்.

"அப்ப மண்ணு கெடல. வித்தே அப்படி," என்றார் ஆறுதலாக. "விட்டுருங்க ரைட்டரய்யா. பாடுபட வேணாம்."

நான் அதைக் கேலி என்று நினைத்துப் பத்து நாள் கோபமாக இருந்தேன். அவர் அந்தக் கேள்வியைக் கேலியாகக் கேட்பதே கிடையாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. மண்ணோ, மாடோ, மனிதனோ, எதைக் கண்டாலும் இப்போது எப்படி இருக்கிறது என்று அவர் பார்க்கமாட்டார். இதற்கு முன்னால் அங்கே என்ன நடந்தது என்பதுதான் அவருக்கு வேண்டும்.

பெயரைச் சொல்லமாட்டேன். அவர் மகன்களும் மருமகன்களும் இன்றைக்கும் அனுமந்தன்பட்டியில்தான் இருக்கிறார்கள், எல்லாரும் கையில் கம்போடு நடக்கிறவர்கள். கிடைக்காரம்மா என்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். நூற்றுப் பத்து மலைமாடு அவருக்கு. அறுப்பு முடிந்ததும் நிலக்காரர்கள் அவரைத் தேடி வருவார்கள். பத்து நாள், பதினைந்து நாள் மாடுகளை அவர்கள் வயலில் அடைத்துப் போட வேண்டும். அதற்குத்தான் கிடை என்று பெயர். சாணியும் மூத்திரமும் விழுந்து மண் தேறும், பிறகு கிடை அடுத்த வயலுக்கு நகரும். ஆடி பிறந்து பள்ளத்தாக்கில் பயிர் ஏறிவிட்டால் மாட்டுக்குக் கீழே கால் வைக்க இடமில்லை. அப்போது மலைக்கு ஏற்றிக்கொண்டு போய், தை வரைக்கும் மேலேதான். மேலேயும் ஒரு வருசம் கிடை போட்ட இடத்தில் மறுவருசம் போடமாட்டார்.

சந்தையில் எல்லாரும் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்கள். இவர் விற்கிறவனைப் பிடித்துக்கொள்வார்.

"இது போன வருசம் யாரு கையில இருந்துச்சு? அதுக்கு முந்தி? பக்கத்துல எந்த மாடு கட்டிக் கிடந்துச்சு?"

"ஆத்தா, நான் மாடு விக்க வந்தேனா, பொண்ணு குடுக்க வந்தேனா?"

"பொண்ணுன்னா இம்புட்டுக் கேக்க மாட்டேன்ப்பா."

அனுமந்தன்பட்டி வேதக்கோயிலில் அப்போதிருந்த பிரெஞ்சுச் சாமியார் தெற்குச் சுவர் ஓரமாக ரோஜா வைத்தார். மூன்று தடவை வைத்தார், மூன்று தடவையும் கருகிப் போயிற்று. சாத்தானுடைய வேலையோ என்று அவருக்கே ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்த கிடைக்காரம்மா அந்த இடத்தில் நின்று, "சாமி, கோயில் கட்டுறப்ப இங்கன என்ன செஞ்சாக?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஒரு கிழக் கொத்தனாரைக் கூட்டிவந்து கேட்டதில், அங்கேதான் சுண்ணாம்பு அரைத்ததாகச் சொன்னார். இரண்டு சாண் தோண்டினால் மண் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதற்குப் பிறகு, வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் வேலைக்கு யாராவது வந்தால்கூட, சாமியார் அவரை ஒரு தடவை கிடைக்காரம்மாவின் கண்ணில் படும்படி நடக்கவிடுவார்.

மலைக்கு அந்தப் பக்கம் அணை கட்டி, மலையைக் குடைந்து தண்ணீரை நம் பக்கம் கொண்டுவரப் போகிறார்கள் என்று பள்ளத்தாக்கே குதித்துக்கொண்டிருந்த காலம் அது. எல்லாரும் எத்தனை போகம் விளையும் என்று விரல்விட்டு எண்ணினார்கள். இவர் மட்டும், "அந்தத் தண்ணி இதுக்கு முன்னாடி எங்கன போய்க்கிட்டு இருந்துச்சு?" என்றார். யாரோ கடலுக்கு என்று சொன்னதும், "நடுவுல ஆளு இல்லாமலா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

இனி எங்கள் துரை. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். உத்தமபாளையத்துக்குக் கிழக்கே, மலை உச்சியில் ஒரு பெரிய புல்வெளிச் சரிவை ஜமீனிடம் குத்தகைக்கு எடுத்திருந்தார். சரிவுக்குப் பின்பக்கம் இறங்கினால் வருசநாடு. அவருக்கு ஒரே ஒரு ஆசை. தன் ஊரில் இருப்பது மாதிரி இங்கேயும் ஒரு பைன் காடு வேண்டும், அதன் நிழலில் நாற்காலி போட்டு மூன்று மாதத்துக்கு முந்தைய பத்திரிகையைப் படிக்க வேண்டும். விதை தகர டப்பாக்களில் கப்பலேறி வந்தது. நாற்று விட்டு, பட்டாளத்து வழக்கப்படி கயிறு பிடித்து, இடுப்புயரப் புல்லுக்கு நடுவே வரிசை வரிசையாக நட்டார்கள். இரண்டு மழை போயிற்று. வரிசை அப்படியே இருந்தது, உயிர் மட்டும் இல்லை. பார்த்தால் அணிவகுப்பில் நின்றபடியே செத்துப்போன பட்டாளம்.

துரை தமிழை ஒரு முன்ஷியிடம் கற்றவர். முன்ஷி நிகண்டுகளை விட்டுக் கீழே இறங்காதவர்.

ஒரு ஆனியில் துரை ஆளனுப்பிக் கூப்பிட்டார். கிடைக்காரம்மா உள்ளே போனதும் துரை எழுந்து நின்று, "அம்மையே, வருகின்ற ஆடித் திங்கள் முதல் இவ்வெற்பில் ஆநிரை மேய்த்தல் ஆகாது," என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்றாக?"

தமிழைத் தமிழில் பெயர்ப்பதும் என் வேலைகளில் ஒன்று. "ஆடியில இருந்து மாட்டை இங்க ஏத்தக்கூடாதாம்."

"ஏனாம்?"

"உங்க மாடுதான் மரத்தையெல்லாம் தின்னுச்சாம்."

அவர் சத்தம் போடவில்லை. "நூத்திப் பத்து மாட்டை நான் சேலை முந்தியில முடிஞ்சு வச்சுக்கிறவா? ஆடிக்கு மலை இல்லைன்னா விக்கணும். வித்தா யாரு வாங்குவா? கசாப்புக்குத்தான் போகும். மலையாளத்துத் தரகருக இப்பவே வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாக. அதைச் சொல்லுங்க துரைக்கு."

நான் சொன்னேன். துரை வருந்துவதாகச் சொன்னார். அவர் உண்மையாகவே வருந்தினார், அதில் ஒன்றும் குறையில்லை.

"சரி, செத்த மரத்தை நான் பாக்கலாமா?"

மூவரும் சரிவுக்குப் போனோம். அந்த அம்மாள் குந்தி உட்கார்ந்து ஒரு காய்ந்த கன்றைப் பிடுங்கித் துரையின் மூக்குக்கு நேரே நீட்டினார். "மாடு கடிச்சா நுனி இருக்காது. இது நுனியோட நின்னு செத்திருக்கு. வேரைப் பாருங்க, ஒரு விரக்கடைகூட இறங்கல. புல்லு விடல." பிறகு வழக்கமான கேள்வி. "இங்கன முன்னாடி என்ன இருந்துச்சு?"

"புல்," என்றார் துரை.

"அதுக்கு முன்னாடி?"

"உலகம் தோன்றிய நாள்தொட்டுப் புல்."

"வருசா வருசம் மாசியில மலையில இருக்கிறவுக தீ வைப்பாகளே?"

"யாம் தடுத்தோம்," என்றார் துரை பெருமையாக.

"இங்கன கிடை போட்டது உண்டா?"

"இப்பகுதியில் யாம் வந்தபின் இல்லை."

"தீயும் போகல, மாடும் மிதிக்கல. கோயில் திருவிழாக் கூட்டத்துல கடைசியா வந்தவன் உக்கார இடம் தேடுற மாதிரி இந்தப் பொடி வித்து எங்கன போய்க் கால் ஊனும்? ரைட்டரய்யா, இதைச் சொல்லுங்க. இந்த ஊசிமரம் இந்த மலையில எங்கனயாச்சும் ஒண்ணு பொழச்சிருந்தா, அது மாடு மிதிச்சுப்போட்டு விட்டுட்டுப் போன இடமாத்தான் இருக்கும். வாங்க, தேடிப் பாப்போம்."

எங்கே பிழைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம், ஒரு டப்பாவில் ஈரம் ஏறிவிட்டது. விதைகளைக் காய வைக்கும்படி துரை என்னிடம் சொன்னார். பங்களாவில் காயவைக்க மேசையும் தட்டும் இருந்தன. ஆனால் நான் பள்ளத்தாக்கில் பிறந்தவன். எங்கள் ஊரில் எதையாவது காயப்போட வேண்டுமென்றால் தட்டையான களம் எங்கே என்று கால் தானாகத் தேடும். மிளகாயோ சோளமோ லத்தீன் பெயருள்ள விதையோ, எங்களுக்கு வித்தியாசம் கிடையாது. சரிவுக்கு அப்பால் பழைய கிடை ஒன்று இருந்தது. அடித்து மெழுகின களம் மாதிரி மாட்டுக் குளம்பு மிதித்து மிதித்து இறுகிய தரை. அங்கே பாயை விரித்து, நாலு மூலைக்கு நாலு கல் வைத்து, விதையைப் பரப்பிவிட்டு, சோறு தின்னப் போனேன். தின்றேன். தின்றபிறகு கொஞ்சம் சாய்ந்தேன். எழுந்து பார்த்தபோது காற்றும் மழையும் வந்து போயிருந்தன. பாய் ஒரு புதரில் தொங்கியது. விதையைக் காணோம். துரையிடம் எலி தின்றுவிட்டதாகச் சொன்னேன்.

இப்போது அந்த அம்மாள் நேராக அந்த இடத்துக்கே எங்களை நடத்திக்கொண்டு போனார். போகாமல் என்ன செய்வார், அவர் போட்ட கிடைதானே அது. துரை மலைக்கு வருவதற்கு முந்தின வருசம் போட்டதாம். நடுவில் சாணி அதிகம் விழுந்த இடத்தில் பட்டால் அரிக்கிற செந்தட்டிச் செடி மண்டிக் கிடந்தது. ஓரத்தில், சாயங்காலம் உள்ளே போகக் காத்து நின்று மாடுகள் மிதித்து வெறுந்தரையாக்கிய வளையத்தில், பச்சைப் பசேலென்று முழங்காலுயரப் பைன் கன்றுகள். எண்ணினோம், அறுபத்து மூன்று. ஒன்றும் வரிசையில் இல்லை.

துரை தொப்பியைக் கழற்றினார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். பிறகு என் பக்கம் திரும்பி இங்கிலீஷில், "இதை விதைத்தது யார்?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. நான் வாயைத் திறந்தேன். துரை அதற்குள் கையை உயர்த்தினார். அவர் முகத்தில் ஒரு ஒளி. "எலிகள்," என்றார். "எலிகள் தின்றதாகச் சொன்னாயே. அவை தின்னவில்லை. தூக்கிவந்து இங்கே புதைத்திருக்கின்றன. இடம் பார்த்துப் புதைத்திருக்கின்றன."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்கே லண்டனில் உள்ள ஒரு பண்டித சபைக்குக் கடிதம் போயிற்று. பைன் விதைக்கும் மலை எலிகளின் புத்திசாலித்தனத்தைப் பற்றிப் பதினொரு பக்கம். அழகான கையெழுத்தில் நகல் எடுத்தவன் நான். மாட்டுத் தடை அப்படியே நின்றது. நின்றதோடு இல்லை, இப்போது அதற்குக் காரணமும் கூடிவிட்டது. எலிகளின் வேலையை மாடுகள் மிதித்துவிடக் கூடாது அல்லவா?

அன்று சாயங்காலம் கீழே இறங்கும் பாதை வரைக்கும் அந்த அம்மாளோடு நடந்தேன்.

"அங்கன நாலு கல்லு கிடந்துச்சு, பாத்தீகளா ரைட்டரய்யா?"

"மலையென்றால் கல் கிடக்கத்தானே செய்யும்?"

"நாலு மூலைக்கு நாலு. உள்ளங்கை அகலம், ஒரே மாதிரி." மாட்டுக்குச் சொல்வது போல நாக்கை ஒரு சொடுக்குச் சொடுக்கினார். "உங்க எலி பாயெல்லாம் விரிக்குமோ?"

வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி தரகர்கள் வருகிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பங்களாவில் எலிகளின் ராஜ்ஜியம் தொடங்கியது. பூனை மலையிறக்கப்பட்டது. தினம் காலையில் நாலு படி நிலக்கடலை வைக்க வேண்டும், அதுவும் என் பொறுப்பு. எலிகள் கடலையைத் தின்றன. கடலைக்குப் பிறகு துரையின் சேணத்தைத் தின்றன, இடது பூட்ஸைத் தின்றன. ஒரு பைனையும் விதைக்கவில்லை. இடம் பிடிக்கவில்லை போலும் என்றார் துரை, ஒற்றைப் பூட்ஸோடு.

ஞாயிற்றுக்கிழமை கீழே போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எலிமேல் பொய் சொன்னதாகச் சொன்னேன். கிராதிக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. பிறர்மேல் பொய்ச்சாட்சி சொல்லாதே என்று கட்டளை இருக்கிறது, எலி பிறரில் சேருமா என்று யோசித்திருப்பார்.

"அதனால் எலிக்குக் கெட்ட பெயர் வந்ததா?"

"இல்லை சாமி, நல்ல பெயர்தான் வந்தது."

"வேறு யாருக்காவது கெடுதல்?"

நூற்றுப் பத்து மாட்டைப் பற்றிச் சொன்னேன். அதற்குமேல் யோசிக்கவில்லை அவர். "இப்போதே மலை ஏறு," என்றார்.

ஏறினேன். துரையின் முன்னால் நின்று, பாய், கல், சோறு, தூக்கம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் இங்கிலீஷில் ஒப்பித்தேன். வேலை போகும் என்று துணிமணியைக்கூடக் கட்டி வைத்திருந்தேன்.

துரை முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "ரைட்டர், உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. சாதாரண எலிக்குக் கிடைத்த பெருமை ஒரு படித்த மனிதனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு வருசமாக உன் வேலையைப் பார்க்கிறேன். உன் கையால் அறுபத்து மூன்று மரம் முளைத்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?"

இதைக் கிடைக்காரம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவர் ஒரு கன்றுக்குட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். முதலில் வாயைப் பொத்தினார், பிறகு உட்கார்ந்துவிட்டார், பிறகு கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தார். கன்று மிரண்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டார். ரைட்டரய்யா என்றால் கிண்டல் என்றும், தம்பி என்றால் சமாதானம் என்றும் எனக்கு அதற்குள் கணக்கு உண்டு.

"வா தம்பி, துரைகிட்டப் போவோம். நீ மெய் சொல்லிக் கெட்ட. நான் எலியை வச்சே பேசுறேன்."

துரையிடம் அவர் மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எலியைப் புகழ்ந்தார். பிறகு மெதுவாக, "அப்பேர்ப்பட்ட எலின்னா ஒரு பந்தயம் வச்சுப் பாத்திருவோமா?" என்றார். "எலிக்கு ஒரு இடம் துரை காட்டட்டும். மாட்டுக்கு ஒரு இடம் நான் காட்டுறேன். இந்த வருசம் என் மாடு அங்கன கிடை கிடந்துட்டு, தையில விட்டுட்டுப் போயிரும். மறு கோடை மழைக்கு ரெண்டு இடத்துலயும் ஒரே அளவு வித்து. எது முளைக்குதுன்னு பாப்போம்."

பந்தயம் என்ற சொல்லை நான் மொழிபெயர்த்தபோது துரையின் முதுகு நிமிர்ந்தது. பட்டாளத்துக்காரர் அல்லவா. ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார். அடுத்த ஆடிக்குக் கிடை வேண்டாமே, அப்போது மாடுகளை விற்றுவிடலாம் அல்லவா?

"பந்தயம் முடியாம எப்படிங்க விக்கிறது?" என்றார் கிடைக்காரம்மா. "செயிச்ச மாடா தோத்த மாடான்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? அது தெரியிற வரைக்கும் மாடு மலையிலதான் நிக்கணும்."

துரை அதை மிகவும் நியாயமென்று ஒப்புக்கொண்டார். தரகர்கள் வந்து பார்த்துவிட்டு, "எந்தா, எலியோடு மல்சரமோ?" என்று, எலியோடு போட்டியா என்கிற அர்த்தத்தில் கேட்டுச் சிரித்துக்கொண்டு கூடலூர்ப் பாதையில் திரும்பிப் போனார்கள்.

எலிக்குத் துரை காட்டியது சரிவிலேயே கொழுத்த புல் உள்ள இடம். சுற்றிலும் மூங்கில் வேலி. எலிகள் கடலையோடு விதையையும் தின்று தீர்த்தன. தின்னாமல் விட்ட ஒன்றிரண்டைப் புல் பார்த்துக்கொண்டது. கிடைக்காரம்மா காட்டியது பாறை ஓரத்தில் ஒரு மொட்டை மேடு. கிடை கிடந்து விட்டுப்போன அடுத்த ஆடியில் அங்கே ஓரம் முழுக்கச் சீப்பின் பல் மாதிரி பைன் முளைத்திருந்தது. துரை மண்டியிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"மிதிக்கணும். மிதிச்சா மட்டும் போதாது, மிதிச்சுட்டுப் போயிரணும்," என்றார் கிடைக்காரம்மா. "நின்னுக்கிட்டே இருந்தா மாடே எல்லாத்தையும் தின்னுபோடும். மிதிக்காட்டி புல்லு விடாது. அவ்வளவுதான், வேற சூட்சுமம் ஒண்ணுமில்ல."

துரை மனிதர் நியாயஸ்தர். தோற்றதை ஒப்புக்கொண்டார். சங்கடம் என்னவென்றால், அதற்குள் லண்டன் பண்டித சபை அவருடைய எலிக் கடிதத்தை அச்சுப் போட்டுவிட்டது. அச்சில் வந்ததைத் திருப்பி எடுப்பது அவரால் ஆகாத காரியம். ஆகவே என்னைக் கூப்பிட்டு ஒரு அனுமதிச் சீட்டு எழுதச் சொன்னார். மலை எலிகள் விதைப்பதற்குத் தோதாகத் தரையைப் பண்படுத்தும் பொருட்டு, மேற்படி அம்மாளின் மாடுகள் ஆடி முதல் தை வரை மலையில் இருக்கலாம், ஆண்டுக்கு ஒரு கிடை, இடத்தை அந்த அம்மாளே தேர்ந்துகொள்வது, கிடை கிடந்த இடத்தை மறு ஆண்டு முதல் மரத்துக்கு விட்டுவிடுவது. கீழே துரையின் கையெழுத்து.

நான் வாசித்துக் காட்டினேன். கிடைக்காரம்மாவுக்கு எழுத்துத் தெரியாது.

"எலிக்கு வேலை செய்யிற மாதிரி எழுதியிருக்கே அக்கா. உங்களுக்கு மனசு கஷ்டமா இல்லையா?"

"மாடு மேயலாம்னு இருக்கா?"

"இருக்கு."

"பின்ன என்ன? மாடு அதைப் படிக்கவா போகுது?"

அதன்பிறகு ஒவ்வொரு ஆடியும் அவர் ஏறிவந்து ஒரு இடத்தைக் காட்டுவார். மாடு கிடக்கும், மிதிக்கும், போகும். நான் விதை தூவுவேன், பைன் வரும். துரைக்குக் கொண்டாட்டம். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எந்தக் காட்டில் போடுவது என்று யோசிக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். பைன் ஊசி கொட்டிய இடத்தில் புல் வராது என்பதைக் கண்ணால் பார்த்தேன். இந்த அம்மாள் சீட்டு வாங்கியது புல்லுக்காக, அந்தச் சீட்டே வருசத்துக்கு ஒரு இடமாகப் புல்லைக் காட்டுக்குக் கொடுக்கிறது. பத்து வருசம் போனால் மாடு எதைத் தின்னும்? மண்ணை அவ்வளவு படித்தவருக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று? படித்தவன் என்கிற முறையில் நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தேன். இந்தத் தீர்மானங்களுக்கு என்னிடம் ஒருநாளும் பஞ்சமில்லை.

ஐந்தாவது வருசம், ஆவணியில் ஒரு காலை. மாடுகள் எங்கே என்று பார்க்கச் சரிவின் தலைமாட்டில் இருந்த பெரிய பாறைமேல் ஏறினேன். அதுவரை நான் அதில் ஏறியதில்லை, மூச்சு வாங்கும். மேலே போய்த் திரும்பிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

ஐந்து கிடையும் ஐந்து காடாக எழும்பிக் கீழே தெரிந்தன. ஒன்று பாறை ஓரம், ஒன்று சரளைக் கல் மேடு, ஒன்று மழை அறுத்த ஓடையின் கரை, இரண்டு காற்றடிக்கிற மேற்கு விளிம்பில். மாடு நுனிப்புல்கூடக் கடிக்காத இடங்கள். அத்தனையும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளப் பார்க்கிற மாதிரி ஒரு அரை வட்டமாக வளைந்து நின்றன. அந்த வளைவுக்குள்ளே, காற்றுப் படாமல், மலையிலேயே நல்ல புல்லும் நல்ல ஊற்றும். நடுவில் நூற்று முப்பது மாடு தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தது. துரை ஆசை ஆசையாக வளர்த்த காடு, அந்த அம்மாளுடைய மேய்ச்சலுக்குப் போட்ட வேலி.

அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். நான் நெடுநேரம் நிற்பதைக் கவனித்திருப்பார் போல.

"ரைட்டரய்யா."

"என்னக்கா?"

"அங்கன ஏறி நின்னு எல்லாத்தையும் ஒண்ணா வச்சுப் பாக்காதீக. துரைக்கும் அந்த ஆசை வந்துரப் போகுது."

நான் இறங்கிவிட்டேன். மறுவாரமே துரை, காடு மொத்தத்தையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும் என்று கைத்தடியும் தூரக்கண்ணாடியுமாகப் பாறைக்குப் புறப்பட்டார். மேலே பெருந்தேனீ கூடு கட்டியிருக்கிறது, போன வாரம் என்னைத் துரத்தியது என்றேன். அங்கே ஒரு ஈகூடக் கிடையாது.

துரை உடனே நம்பினார்.